இரண்டு மீட்டர்

கடற்சிங்கம் என்பது வெளியிலிருந்து வருகிறவர்கள் சொல்லும் பெயர். கலாபகோஸில் பிறந்த நாங்கள் ஓநாய் என்போம். எங்கள் தீவில் அவை பெஞ்சில் தூங்கும், படகில் தூங்கும், மீன் வெட்டும் மேசைக்கு அடியில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். நாங்கள் சுற்றிக்கொண்டு போவோம். இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம். தொடக் கூடாது. விரட்டக் கூடாது. கைதட்டக் கூடாது.

பத்தொன்பது வருடமாக நான் வழிகாட்டி. கையில் ஒரு மூங்கில் கழி இருக்கும். நீளம் சரியாக இரண்டு மீட்டர். பயணிகளுக்கும் ஓநாய்க்கும் நடுவில் அதைக் கிடையாகப் பிடிப்பேன். தாண்டுகிறவர்கள் யாராக இருந்தாலும் வனக்காவல் அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பேன். ஊரில் எனக்குக் கழி நார்சிஸா என்று பெயர். வேறு பெயர்களும் உண்டு. அவற்றை என் காதுபடச் சொல்வதில்லை.

அந்தச் செப்டம்பரில் சின்னக் கடற்கரையில் மேடை கட்டினார்கள். ஓநாய்களைப் பார்ப்பதற்கு. எட்டு மீட்டர் நீளம், முழங்கால் உயரம். கடற்கரையை அழகாக்க என்று ஒரு குழு இருந்தது. அதன் வேலை. உப்புப் புதர்களை வெட்டாதீர்கள், குட்டிகளுக்கு அங்கேதான் நிழல் என்று கூட்டத்தில் சொன்னேன். குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். பிறகு வெட்டினார்கள். அறிவிப்புப் பலகைக்கு ஒரு வாக்கியம் கேட்டார்கள். ‘பாருங்கள், தலையிடாதீர்கள்’ என்று எழுதிக் கொடுத்தேன். அதை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு வழக்கம்போல் ஓநாய்களை எண்ணப் போனேன். தூறல் மாதம். கடலும் வானமும் ஒரே சாம்பல். மேடைக்கு முன்னால் பிறை கிடந்தாள். அவள் விலாவில் சுறா கடித்த தழும்பு பிறை வடிவில் இருக்கும். ஐந்து வாரத்துக்கு முன் குட்டி போட்டவள். மீனுக்குப் போகும்போது குட்டியைப் புதர் நிழலில் விட்டுப் போவாள். திரும்பி வந்து அதே இடத்தில் நின்று கூப்பிடுவாள். கரை முழுவதும் கத்திக்கொண்டிருந்தாலும் குட்டிக்குத் தன் தாயின் குரல் தெரியும்.

புதர் இருந்த இடத்தில் இப்போது பலகை இருந்தது. பிறை பலகையில் மூக்கை வைத்துக் கூப்பிட்டாள்.

உள்ளேயிருந்து பதில் வந்தது.

அவள் கடலுக்குத் திரும்பும்வரை காத்திருந்தேன். பிறகு மணலில் படுத்து, பலகை இடுக்கில் விளக்கு அடித்தேன். விரல் நுழையாத இடுக்கு. தெற்கு மூலையில் இரண்டு கண்கள் மின்னின. எழுந்து மேடையைச் சுற்றி வந்தேன். நான்கு பக்கமும் அடைப்பு.

மேடையின் மரவேலை செய்தவர் செகுந்தோ மேஸ்திரி. அவருடைய மூத்த மகளுக்கு நான் ஞானத்தாய். அந்த முறையில் நான் அவரைக் கொம்பாத்ரே என்பேன், அவர் என்னைக் கொமாத்ரே என்பார். அந்த நேரத்தில் அவர் ஜெனோவேவாவின் கடையில்தான் இருப்பார். மரவள்ளி போட்ட சூரை மீன் சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

“கழி வருது, தள்ளி உக்காருங்க. ரெண்டு மீட்டர்” என்றாள் ஜெனோவேவா.

நான் செகுந்தோவிடம் போனேன்.

“கொம்பாத்ரே, மேடைக்கு அடியில குட்டி மாட்டியிருக்கு.”

“இன்னுமா இருக்கு?”

“உங்களுக்குத் தெரியுமா?”

“திங்கக்கிழமை பலகை அடிக்கிறப்ப உள்ள தூங்கிட்டிருந்துச்சு. எந்திரிக்கட்டும்னு ஒரு மணி நேரம் நின்னேன். எந்திரிக்கல.”

“வெரட்டி விட்டிருக்கலாம்ல.”

“எப்படி வெரட்டுறது? கைதட்டியா?”

ஜெனோவேவா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

போன வருடம் தன் படகில் ஏறிப் படுத்த ஓர் ஆண் ஓநாயைச் செகுந்தோ கைதட்டி இறக்கிவிட்டார். நான் கரையில் நின்று பார்த்தேன். எழுதிக் கொடுத்தேன். அபராதம் போட்டார்கள். அவர் பெருநிலத்தின் மலைப்பக்கத்து ஆள், சலசாக்கா இனம். இங்கே அவருக்குத் தற்காலிக வசிப்பு அட்டைதான். இன்னொரு முறை பெயர் அடிபட்டால் குடும்பத்தோடு கப்பலேற்றி விடுவார்கள். அந்த ஈஸ்டருக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அபராதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“அதுக்காக உள்ள வச்சு அடிச்சிட்டீங்களா?”

“இல்ல கொமாத்ரே. வழி விட்டேன். பின்பக்கம் ரெண்டு பலகை அடிக்கல. அதுவா முழிச்சு வெளிய வந்துரும்னு.”

“பின்பக்கம் வழியே இல்ல.”

சூப்பைப் பாதியில் விட்டு எழுந்து வந்தார். அவர் விட்ட வழிக்கு முன்னால் எரிமலைக் கல் வைத்து, சிமெண்ட் பூசி, நடைபாதைக்கு விளிம்பு கட்டியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை. வேறு கூலியாட்கள். அவர்கள் தெருமுனையில் அடுத்த விளிம்பைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். போய்க் கேட்டேன்.

“படத்துல சுவர் இருந்துச்சு, கட்டினோம்” என்றான் ஒருவன். “நாங்க எந்த மிருகத்தையும் தொடலக்கா.”

யாரும் தொடவில்லை. எல்லோரும் சட்டப்படி நடந்திருந்தார்கள். அந்தச் சட்டத்தை அவர்கள் தலையில் பத்தொன்பது வருடம் அடித்து இறக்கியவள் நான்.

அந்த வயதுக் குட்டி பால் இல்லாமல் நாலு நாள் தாங்கும். சிலது ஐந்து. இது கடைசியாகத் திங்கள் காலை குடித்திருக்க வேண்டும்.

குழுவின் தலைவர் எலியோதோரோ. ஆணிக் கடைக்கு மேல் அவருடைய அறை. மேசையில் திறப்பு விழாவுக்கான ரிப்பன் சுருள் கிடந்தது.

“வா நார்சிஸா, உக்காரு. சனிக்கிழமை நீதான் பேசணும். பெருநிலத்துலேருந்து அரசாங்கச் செயலாளர் வர்றாரு. கழியையும் எடுத்துட்டு வா, போட்டோவுக்கு நல்லாருக்கும்.”

சொன்னேன். கேட்டுக்கொண்டே ரிப்பனைச் சுற்றி வைத்தார்.

“ரெண்டு மூணு பலகையக் கழட்டினாப் போதும், தலைவரே. அரை மணி நேர வேலை.”

“குவாயாகில்லேருந்து கப்பல்ல வந்த மரம். ஒப்படைச்சு, கையெழுத்தெல்லாம் ஆயிருச்சு. இனிமே அதுல கை வைக்கணும்னா குழு கூடணும். பதினெட்டாம் தேதி கூடும்.”

“அதுக்குள்ள செத்துரும்.”

“வருசத்துக்கு எத்தன குட்டி சாகுது. நீதான் எண்ணுறியே. அது இயற்கை.”

“இயற்கை திருகாணி போடாது.”

சிரித்தார். “உன் வாக்கியத்தத்தான வாசல்ல மாட்டியிருக்கோம்? தலையிடாதீர்கள். எவ்வளவு அழகா எழுதின. இப்ப நீயே வந்து தலையிடச் சொல்ற.”

படியிறங்கும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் சிலாம்பு ஏறியது.

வனக்காவல் அலுவலகத்தில் வில்மர் இருந்தான். நல்ல பையன். நான் எழுதிக் கொடுப்பதையெல்லாம் வாங்கி முத்திரை குத்துகிறவன்.

“மிருகத்தத் தொடணும்னா டாக்டர் வரணும்கா. அவரு பக்கத்துத் தீவுல இருக்காரு. திங்கக்கிழமைதான் படகு.”

“மிருகத்தத் தொட வேணாம்டா. பலகையத் தொட்டாப் போதும்.”

“பலகை எங்க பொறுப்பு இல்லக்கா. குழுவோடது.”

“குட்டி?”

“குட்டி எங்க பொறுப்பு.” கொஞ்சம் யோசித்தான். “ஆனா அது பலகைக்குள்ள இருக்குல்ல.”

சொல்லிவிட்டு மேசையைப் பார்த்தான். ஒரு படிவம் கொடுத்தான். மூன்று பக்கம். மிருகத்தின் பாலினம் கேட்டிருந்தார்கள். மதிப்பிட்ட எடை கேட்டிருந்தார்கள். நிரப்பிக் கொடுத்தேன். முத்திரை குத்தினான்.

வியாழக்கிழமையும் பிறை வந்தாள், கூப்பிட்டாள், போனாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எலியோதோரோ என்னை மேடைக்கு வரச் சொன்னார். ஒரு கப்பலிலிருந்து இறங்கிய பயணிகளுக்குத் திறப்புக்கு முன்பே மேடையைக் காட்ட வேண்டுமாம். மொழிபெயர்க்க நான். போனேன். அவர் மனம் மாறலாம் என்று நினைத்தேன். அதைவிட, குட்டியின் குரலைக் கேட்க வேண்டியிருந்தது.

பிறை பலகையை ஒட்டிப் படுத்திருந்தாள். வயிற்றைப் பலகையில் அழுத்தியிருந்தாள். மரத்தில் பால் வழிந்து கோடு விழுந்திருந்தது. அவள் கூப்பிட்டாள். நீளமாக, அடித்தொண்டையிலிருந்து. குட்டி ஒரு தடவை பதில் சொன்னது. பயணிகள் எல்லோரும் கேமராவைத் தூக்கினார்கள்.

வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெண் என்னிடம் கேட்டாள். “என்ன அழகாப் பாடுது. தினமும் இந்த நேரத்துக்குப் பாடுமா?”

எலியோதோரோவுக்குச் சொன்னேன்.

“ஆமான்னு சொல்லு” என்றார். “தினமும் சாயங்காலம் அஞ்சு மணின்னு சொல்லு. நோட்டீஸ்லயும் போட்டுரலாம்.”

நான் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். “அது பாடல. பால் குடிக்க வான்னு கூப்பிடுது. குட்டி உங்க காலுக்கு அடியில மாட்டியிருக்கு. நாலு நாளாச்சு.”

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு கேமராவைப் பலகை இடுக்கில் வைத்துப் படம் எடுத்தாள்.

“சந்தோசமா இருக்காங்களா?” என்றார் எலியோதோரோ.

“ரொம்ப.”

பிறை மறுபடி கூப்பிட்டாள். பத்துப் பதினைந்து முறை கூப்பிட்டிருப்பாள். குட்டி அதன்பிறகு ஒரே ஒரு தடவைதான் பதில் சொன்னது. அதுவும் பாதியில் நின்றது.

அங்கிருந்து நேரே ஜெனோவேவாவின் கடைக்குப் போனேன். செகுந்தோ கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாழைக்காய் உருண்டை தின்றுகொண்டிருந்தார். மேடைக்குப் போட்டவை சதுரக் குழித் திருகாணிகள். அதற்கான திருப்புளி தீவில் அவரிடம் மட்டும்தான் இருந்தது.

“திருப்புளி வேணும், கொம்பாத்ரே.”

“எதுக்கு?”

“எதுக்குன்னு தெரியும்.”

“தர முடியாது” என்றார். “நாளைக்கு யாராவது கேப்பாங்க, செகுந்தோ குடுத்தியான்னு. குடுத்தேன்னு சொன்னா எனக்குக் கப்பல். இல்லன்னு சொன்னா பொய். எனக்குப் பொய் சொல்ல வராது. போன வருசமும் வரல.”

அது உண்மை. கைதட்டினாயா என்று கேட்டபோது ஆமாம் என்றுதான் சொன்னார்.

கை கழுவினார். பையைத் தோளில் மாட்டினார். வாசலில் நின்று திரும்பாமலே சொன்னார். “ஜெனோவேவா, இந்தப் பை பழசாயிருச்சு. எதையாவது அங்கங்க போட்டுட்டு வர்றேன். கெடந்தா எடுத்து வை.”

அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சில் திருப்புளி கிடந்தது.

ஜெனோவேவா அதை எடுத்துத் துணியால் துடைத்தாள். என் முன்னால் வைத்தாள்.

“இதையும் எழுதிக் குடுத்துராத” என்றாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணி. பிறை கடலுக்குப் போயிருந்தாள். நான் முதலில் அளந்தேன். குட்டி தெற்கு மூலையில். அதை நெருங்காமல் கழற்ற வேண்டுமென்றால் வடக்கு மூலை. கழியை மணலில் மாற்றி மாற்றி வைத்தேன். ஏழு மீட்டர் முப்பது. நோட்டில் தூரத்தையும் நேரத்தையும் எழுதினேன். பிறகு திருகாணிகளைக் கழற்றினேன். பலகைக்கு நாலு. மூன்று பலகைகள். புதுத் திருகாணிகள் இறுகியிருந்தன. உள்ளங்கைச் சிலாம்பில் ரத்தம் வந்தது. மூன்றாவது பலகை விழுந்ததும் உள்ளே வெளிச்சம் பாய்ந்தது.

குட்டி வரவில்லை. சத்தமும் இல்லை.

எட்டு மணிக்கு எலியோதோரோ வந்தார். பின்னால் நாற்காலி தூக்கிக்கொண்டு ஆட்கள். மணலில் சிவப்பு விரிப்பு விரித்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர் மூலையைப் பார்த்தார்.

“என்ன பண்ணி வச்சிருக்க?”

“கழட்டினேன்.”

“மாட்டு.”

நான் மூன்று பலகைகளையும் அடுக்கி, அவற்றின்மேல் உட்கார்ந்தேன்.

“ஒன்பது மணிக்குச் செயலாளர் வர்றாரு. நார்சிஸா, அசிங்கப்படுத்தாத. உனக்கு லைசென்ஸ் வேணுமா வேணாமா?”

“வேணும்.”

“அப்ப எந்திரி.”

அவர் தெற்கு மூலைப் பக்கம் போய் மேடைமேல் ஏறினார். நான் எழுந்து கழியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். எப்போதும் கிடையாகப் பிடிக்கும் கழியை அன்று செங்குத்தாக நிறுத்தினேன். கழியின் அடி மணலில் இருந்தது. மேடை அதில் கால்வாசி உயரம்கூட இல்லை.

“எறங்குங்க, தலைவரே. கீழ மிருகம் இருக்கு. ரெண்டு மீட்டர் இல்ல.”

“என்ன?”

“நீங்க நிக்கிற பலகைக்கும் அதுக்கும் அரை மீட்டர். பக்கவாட்டுல மட்டும்தான் ரெண்டு மீட்டர்னு சட்டத்துல எங்கயும் போடல. நான் பத்தொன்பது வருசமா படிக்கிறேன்.”

அவர் வில்மரைப் பார்த்தார். வில்மர் விழாவுக்காகச் சீருடையைத் தேய்த்துப் போட்டிருந்தான். அவன் கழியைப் பார்த்தான், மேடையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“சட்டப்படி அக்கா சொல்றது சரிதான், தலைவரே” என்றான். “மிருகம் வெளிய வர்ற வரைக்கும் மேடைல யாரும் ஏறக் கூடாது. ஏறினா நான் எழுதணும்.”

எலியோதோரோ இறங்கினார்.

ஒன்பது மணிக்குச் செயலாளர் வந்தார். புது ஷூ. அவரையும் சாலையில்தான் நிற்க வைத்தோம். ஊர் ஆட்கள் நாற்பது ஐம்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். ஜெனோவேவா கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். செகுந்தோ கடைசி வரிசையில், கைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“என்ன தாமதம்?” என்று செயலாளர் கேட்பது காதில் விழுந்தது.

“ஓநாய்க்கு வெயிட்டிங், சார்” என்றாள் ஜெனோவேவா. “விழாவே அதுக்குத்தானே.”

பத்தரை மணிக்குப் பிறை கரையேறினாள். விரிப்பைத் தாண்டி, நாற்காலிகளுக்கு நடுவில், பழைய புதர் இருந்த இடத்துக்கே போனாள். திறந்த மூலைக்கு அவள் போகவில்லை. பலகையில் மூக்கை வைத்துக் கூப்பிட்டாள்.

பதில் இல்லை.

கூப்பிட்டாள். நான் எண்ணினேன். எண்ணுவது என் வழக்கம். ஒன்பது. பத்து. பதினொன்று. இங்கே வழி இருக்கிறது என்று அவளுக்குச் சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்லை. கத்தக் கூடாது. கையைக் காட்டினால் அவளுக்குப் புரியாது. செத்துவிட்டது என்று நினைத்தேன். செத்திருந்தால் இவர்கள் அத்தனை பேரையும் பலகையைக் கழற்றி அதைப் பார்க்க வைப்பேன் என்று நினைத்தேன். செயலாளரை முதலில்.

பதினாலாவது கூப்பாட்டுக்குப் பிறகு உள்ளே ஏதோ உரசியது. பிறை மூக்கை நகர்த்தினாள். அடுத்த பலகை. அடுத்த பலகை. உரசும் சத்தம் வெளிச்சத்தை நோக்கிப் போனது. அவளும் வெளியிலிருந்து அதனோடு போனாள். ஏழு மீட்டருக்கு இருபது நிமிடம் ஆனது. நடுவில் இரண்டு முறை சத்தம் நின்றது. அப்போதெல்லாம் சாலையிலும் பேச்சு நின்றது.

மூலையில் தலை வந்தது. பிறகு மீதி. தோல், பெரிய உடம்புக்குத் தைத்ததுபோலத் தொங்கியது. பிறை மூக்கோடு மூக்கு வைத்து முகர்ந்தாள். வெகு நேரம் முகர்ந்தாள். குட்டிமேல் ஐந்து நாள் பலகை வாசனை, மருந்தடித்த மர வாசனை. பிறகு சிவப்பு விரிப்பின்மேல் சரிந்து படுத்து வயிற்றைக் காட்டினாள். குட்டி தேடிக் கண்டுபிடித்துக் குடித்தது.

செயலாளர் முகம் மலர்ந்து, கைதட்ட இரண்டு கைகளையும் தூக்கினார். தட்டவில்லை. செகுந்தோ எப்போது முன்வரிசைக்கு வந்தார் என்று தெரியவில்லை. செயலாளரின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

“இங்க கைதட்டினா அபராதம், ஐயா” என்றார். “சந்தேகம்னா என்னைக் கேளுங்க.”

விழா நடந்தது. மதியம் இரண்டு மணிக்கு, சாலையில், விரிப்பு இல்லாமல்.

பத்து நாள் கழித்து எனக்குக் கடிதம் வந்தது. இரண்டு குற்றச்சாட்டு. ஒன்று, பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியது. இரண்டு, இரண்டு மீட்டருக்குள் வனவிலங்கை நெருங்கியது. விசாரணை முடியும்வரை லைசென்ஸ் நிறுத்திவைப்பு. திருப்புளி யாருடையது என்றும் கேட்டிருந்தார்கள்.

பதில் எழுதினேன். முதல் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பலகைகளும் பன்னிரண்டு திருகாணிகளும் என்னிடம் பத்திரமாக உள்ளன. அடித்தளத்தைச் சுற்றி வழி விடாமல் அவற்றை மறுபடி மாட்டுவதாக இருந்தால் தர மாட்டேன். திருப்புளி கீழே கிடந்தது. இரண்டாவது குற்றத்தை மறுக்கிறேன். தூரம் ஏழு மீட்டர் முப்பது. நேரம் காலை ஆறு பத்து. வந்து அளக்கலாம், கழி தருகிறேன். அறிவிப்புப் பலகையிலிருந்து என் வாக்கியத்தை எடுத்துவிடவும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு எழுதிக் கொடுத்துத்தான் பழக்கம். செவ்வாய் முதல் சனி வரை அந்த மேடைமேல், ஒரு மிருகத்துக்கு அரை மீட்டர் உயரத்தில், யார் யார் எந்த நேரத்தில் நின்றார்கள் என்று எனக்குத் தெரிந்தவரை பட்டியல் போட்டு இணைத்தேன். இருபத்து மூன்று பேர். இரண்டாவது பெயர் எலியோதோரோ.

முதல் பெயர் என்னுடையது. வெள்ளிக்கிழமை மாலை நானும் அங்கேதான் நின்று மொழிபெயர்த்தேன்.